மீன் குட்டைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் நாட்டுப்புறங்களில் வழங்கும் பழமொழி. விரிவாக்கப் பணியில் நான் சேர்ந்த நாள் முதல் இந்தப் பழமொழியைக் கேட்காத ஊர் கிடையாது. கணக்கு எழுதி வையுங்கள் என்று நான் வாயெடுத்ததும் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். மற்றவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அத்தோடு என் பேச்சும் முடிந்துவிடும்.

நெல் பயிரிடுவோர் அப்படிச் சிரிப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. வயல் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பயிர் மஞ்சளித்தால் தெரியும்; தூர் கட்டாவிட்டால் தெரியும்; பூச்சி விழுந்தால் வரப்பில் நின்றே பார்த்துவிடலாம். எழுதி வைக்காத குறையை வயலே ஓரளவு ஈடு செய்துவிடுகிறது. மீன் குட்டை அப்படிப்பட்டதன்று. குஞ்சை விட்ட நாளோடு சரி, பிறகு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. எத்தனை பிழைத்தன, எத்தனை விராலின் வாயில் போயின, எவ்வளவு வளர்ந்தன என்பதெல்லாம் வலையில் விழும்போதுதான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பண்டத்தை வளர்ப்பவர், கண்ணுக்குத் தெரிவதை வளர்ப்பவரைவிட அதிகமாக எழுதி வைத்தாக வேண்டும். நம் ஊர்களில் நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. நெல்லுக்காவது கடன் புத்தகம், உரக்கடைச் சீட்டு என்று சில தாள்கள் வீட்டில் இருக்கும். மீனுக்கு ஒரு துண்டுத் தாள்கூட இராது.

இந்தக் குறையால் ஒரு குடும்பமே உடையப் பார்த்ததை நான் நேரில் கண்டவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் தம்பி வழக்கு

சில ஆண்டுகளுக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் நடந்தது இது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். அண்ணன், தம்பி இருவர். பாகம் பிரித்தபோது குட்டை அண்ணன் பங்குக்கு வந்தது. அதை ஒட்டிய சம்பா வயல் தம்பிக்குப் போனது. வயலில் வடியும் தண்ணீர் குட்டைப் பக்கமாகத்தான் போகும். அதிலேயே இருவருக்கும் ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அண்ணன் குட்டைக் கரைக்குப் போனபோது கட்லா மீன்கள் வயிறு வெளுக்க மிதந்துகொண்டிருந்தன. பொங்கலுக்கு விற்க வைத்திருந்த மீன்கள் அவை. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தம்பி வயலுக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? "மருந்தை வேண்டுமென்றே வடியவிட்டுக் கொன்றுவிட்டான்" என்று அண்ணன் கத்த, "என் மேல் பழி போடுகிறாயா" என்று தம்பி பாய, ஊரே கூடிவிட்டது. காவல் நிலையத்துக்குப் போக வண்டியும் தயாராகிவிட்டது.

அடுத்த ஊரில் பயிற்சிக்காக வந்திருந்த என்னை யாரோ அழைத்துப் போனார்கள். நான் போய்ச் சேரும்போது காலை பத்து மணி இருக்கும். கரையைச் சுற்றிப் பார்த்தேன். செத்தவை எல்லாம் பெரிய மீன்கள்; சிறியவை ஓரத்தில் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன. தவளையும் நத்தையும் இருந்தபடியே இருந்தன. நஞ்சு கலந்திருந்தால் பெரும்பாலும் சிறிய உயிர்களே முதலில் விழும். விடியற்காலை வரை காத்திருக்கவும் செய்யாது. பெரிய மீன் முதலில் செத்து, அதுவும் இரவு முடியும் நேரத்தில் செத்தால், தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கும் என்றே முதலில் ஐயப்பட வேண்டும்.

ஆனால் என் வாய்ச்சொல் மட்டும் அண்ணனுக்குப் போதவில்லை. "கடைசியாகக் குட்டைக்கு எரு போட்டது என்றைக்கு?" என்று கேட்டேன். "பத்து நாள் இருக்கும்" என்றார் அவர். "இல்லை, ஒரு மாதம் ஆயிற்று" என்றார் அவர் மகன். "மேகமூட்டம் எத்தனை நாளாக?" என்றேன். ஒருவர் இரண்டு நாள் என்றார்; இன்னொருவர் ஒரு வாரம் என்றார். கோபத்தில் இருப்பவரின் ஞாபகம் கோபத்துக்குத் தோதாகத்தான் வேலை செய்யும்.

அப்போது அண்ணனின் மனைவி உள்ளேயிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். அது பால் கணக்கு நோட்டு. அதில் சனிக்கிழமைத் தேதியில் "கோழி எரு 6 மூட்டை" என்று எழுதிப் பக்கத்தில் கொடுத்த பணமும் எழுதியிருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாட்களுக்கும் "மழை. பால் வண்டி வரவில்லை" என்று இருந்தது. மீன் செத்தது புதன் விடியலில்.

விஷயம் விளங்கிவிட்டது. தண்ணீரிலுள்ள பச்சைப் பாசி வெயில் இருந்தால் பிராணவாயுவைத் தரும். இரவில் அதுவும் மீனைப்போலவே பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். மூன்று நாள் வெயிலே இல்லை. அதோடு ஆறு மூட்டை எருவும் அழுகத் தொடங்கி, இருந்த கொஞ்ச பிராணவாயுவையும் தின்றுவிட்டது. பெரிய மீனுக்குத் தேவை அதிகம். அது முதலில் போயிற்று.

அந்த அம்மாள் மீனுக்காக அதை எழுதவில்லை. எரு விற்றவருக்குக் கொடுத்த பணத்தை மறக்காமல் இருக்க எழுதினார். பால் ஊற்றாத நாளைக் கூட்டுறவுச் சங்கக் கணக்கோடு சரிபார்க்க எழுதினார். தற்செயலாக எழுதிய அந்த நாலு வரிதான் வண்டியைக் காவல் நிலையத்துக்குப் போகாமல் நிறுத்தியது. மீன் திரும்பி வரவில்லை. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவும் நாளாயிற்று. ஆனால் தம்பியின் மேல் வழக்கு விழவில்லை.

தவறு எங்கள் பக்கமும் உண்டு

இதைப் படிப்பவர்களில் சிலர், "பதிவேடு வையுங்கள் என்று அதிகாரிகள் எப்போதும்தான் சொல்கிறார்கள்" என்று நினைக்கலாம். உண்மை. ஆனால் நாங்கள் சொன்ன விதம் சரியில்லை என்பது என் கருத்து.

ஒரு காலத்தில் நானே பன்னிரண்டு பத்திகள் போட்ட ஒரு பதிவேட்டை அச்சிட்டுக் கொடுத்தேன். நீரின் வெப்பநிலை, கார அமிலத் தன்மை, தீனியின் புரதச் சத்து என்று ஒன்றுவிடாமல் கேட்டிருந்தேன். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிப் பேரிடம் பதிவேடு வெறுமையாக இருந்தது. ஒருவர் மட்டும் முழுமையாக நிரப்பி வைத்திருந்தார். தொண்ணூறு நாளும் ஒரே மையில், ஒரே சாய்வில், "தீனி 1 கிலோ" என்றிருந்தது. மகள் திருமணத்துக்காக அவர் வெளியூரில் இருந்த நாட்களுக்கும் 1 கிலோதான். நான் வரப்போவது தெரிந்து முதல் நாள் இரவு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பதிவேடு எனக்காகத்தான் போடப்பட்டது, அவருக்காகப் போடப்படவில்லை. பிறருக்குக் காட்ட எழுதும் கணக்கு பிறருக்குப் பிடித்த மாதிரிதான் இருக்கும். தனக்காக எழுதும் கணக்கு ஒன்றுதான் உண்மை பேசும். ஆகவே இப்போது நான் சொல்வது இதுதான்: உங்கள் மீன் நோட்டு உங்களுடையது. அதை எந்த அதிகாரிக்கும் காட்ட வேண்டியதில்லை. பங்காளி பார்ப்பான், குத்தகைக்காரர் ஏற்றிக் கேட்பார் என்ற பயமும் வேண்டாம். பெட்டியில் பூட்டி வையுங்கள். கொஞ்சமாக எழுதுங்கள். ஆனால் அன்றன்றே எழுதுங்கள்.

முதல் பக்கம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தீனி வைக்கும் தகர டின் பக்கத்தில் ஒரு நூலில் பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா மழையில் அழியும், பென்சில் அழியாது.

முதல் பக்கத்தில் மாறாத விவரங்களை எழுதுங்கள். குட்டையின் நீளம், அகலம், ஆழம், எத்தனை சென்ட், வாய்க்கால் தண்ணீர் வந்த தேதி, சுண்ணாம்பு போட்ட தேதி, குஞ்சு விட்ட தேதி, எந்த இனம், எத்தனை, எத்தனை அங்குலம், எங்கே வாங்கியது, என்ன விலை.

இனத்தைத் தனித்தனியாக எழுத வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அப்படி எழுத வழியே இல்லை. ஆற்றில் அள்ளிய குஞ்சில் எல்லாம் கலந்தே இருக்கும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானியும் அவர் தோழர்களும் மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பெருங்கெண்டைகளைக் குளத்து நீரிலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வழி வந்த பிறகே கட்லா இத்தனை, ரோகு இத்தனை, மிர்கால் இத்தனை என்று எண்ணிக் கேட்டு வாங்க முடிகிறது. எண்ணி வாங்கியதை எண்ணி எழுதாமல் விட்டால் அந்த வசதியை வாங்கியும் பயனில்லை.

அன்றாட வரி

தினமும் ஒரே ஒரு வரி. அதில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும்.

முதலாவது தேதி. தமிழ்த் தேதியோ ஆங்கிலத் தேதியோ, ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

இரண்டாவது வானம். வெயிலுக்கு "வெ", மேகத்துக்கு "மே", மழைக்கு "ம".

மூன்றாவது, போட்ட தீனியும் எருவும். போடாத நாளில் "இல்லை" என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால், போடவில்லையா எழுதவில்லையா என்று பின்னால் தெரியாது.

நான்காவது, விடியலில் மீன் எப்படி இருந்தது என்பது. மேலே வந்து வாயைப் பிளந்து காற்று வாங்கியதா, இல்லையா? வாங்கினால் அன்று தீனியும் எருவும் கூடாது. உடனே புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதற்கு வழியில்லையேல் குட்டைத் தண்ணீரையே மோட்டாரால் இறைத்து உயரத்திலிருந்து குட்டையிலேயே கொட்டவிட வேண்டும்.

ஐந்தாவது, தண்ணீரின் நிறம். இதற்குக் கருவி வேண்டாம், கை போதும். உள்ளங்கையை விரித்துக் கையைத் தண்ணீரில் இறக்குங்கள். முழங்கை நனையும் அளவில் உள்ளங்கை மறைந்தால் தண்ணீர் நல்ல நிலையில் இருக்கிறது. மணிக்கட்டு நனைந்ததுமே மறைந்துவிட்டால் பச்சை மிகுதி; எருவை நிறுத்துங்கள். முழங்கைக்கு மேலே போயும் உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் தண்ணீரில் மீனுக்கு உணவு போதாது. மழைக்குப் பின் சேறு கலங்கியிருக்கும்போது இந்தச் சோதனை பொருந்தாது. "கலங்கல்" என்று மட்டும் எழுதுங்கள்.

"முழங்கை", "மணிக்கட்டு" என்ற சொற்களையே எழுதினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வெயிலுக்கு வட்டம், மேகத்துக்குக் கோடு, மழைக்குப் புள்ளி என்று போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதனிடம் சொல்லி எழுதலாம். கைப்பேசி வைத்திருப்பவர்கள் அதிலேயே பேசிப் பதிந்தாலும் சரிதான். ஆனால் வாரம் ஒருமுறை அதைத் தாளில் ஏற்றிவிடுங்கள். பேசிப் பதிந்ததை ஒரே பார்வையில் ஒப்பிட முடியாது.

வலை வீசிய நாள்

வலை வீசும் நாளில் எழுதுவது கொஞ்சம் அதிகம். எந்த வலை, அதன் கண் அளவு என்ன, எத்தனை வீச்சு, எந்த இனம் எத்தனை, மொத்த எடை எவ்வளவு, எத்தனையை வைத்துக்கொண்டீர்கள், எத்தனையைத் திரும்ப விட்டீர்கள்.

இதில் பெரும்பாலோர் விட்டுவிடுவது எத்தனை வீச்சு என்பதை. "நேற்று ஐந்து மீன் விழுந்தது" என்றால் அதற்குப் பொருளே இல்லை. மூன்று வீச்சில் ஐந்து மீன் என்றால் குட்டையில் மீன் நிறைய இருக்கிறது. இருபது வீச்சில் ஐந்து என்றால் ஏதோ நடந்திருக்கிறது: வாய்க்கால் தண்ணீரோடு விராலும் கெளுத்தியும் நுழைந்து குஞ்சைத் தின்றிருக்கலாம், அல்லது இரவில் யாரோ வலை போட்டிருக்கலாம். இரண்டு நாளும் சட்டியில் விழுந்தது ஐந்துதான். வீச்சை எழுதியவருக்கே வேறுபாடு தெரியும்.

வெறும் வலை வந்த வீச்சையும் எழுதுங்கள். மனிதனுக்கு வெறுங்கையோடு வந்த நாள் மறந்துபோகும். பெரிய மீன் பிடித்த நாள் மறக்காது. அந்தப் பெரிய மீனும் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கால் கிலோ கூடும்! நல்ல நாளை மட்டும் எழுதும் நோட்டு, எழுதாத நோட்டைவிடக் கெடுதல். அது நம்மை நம்பவைத்து ஏமாற்றும்.

இனத்தைப் பிரித்து எழுதுவதன் பயனும் இங்கேதான் தெரியும். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடியிலும் மேயும். அடியில் மேயும் மீன் வீச்சுவலையில் எளிதில் அகப்படாது. மூன்று மாதம் மிர்கால் ஒன்றுகூட விழவில்லை என்று குஞ்சு விற்றவரைத் திட்டிய விவசாயி, தண்ணீரை வடித்த நாளில் சேற்றிலிருந்து கூடை கூடையாக மிர்கால் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டு நோட்டு கையில் இருந்திருந்தால் அவர் யாரையும் திட்டியிருக்க மாட்டார்.

மாதிரிக்குச் சில வரிகள்:

கார்த்திகை 4. மே. தீனி முக்கால் கிலோ, எரு இல்லை. மீன் மேலே வரவில்லை. முழங்கை.

கார்த்திகை 5. ம. தீனி இல்லை, எரு இல்லை. விடியலில் கட்லா நாலைந்து வாய் பிளந்தன. மோட்டார் 2 மணி நேரம். கலங்கல்.

கார்த்திகை 9. வெ. தீனி 1 கிலோ, எரு இல்லை. மேலே வரவில்லை. முழங்கை. வீச்சுவலை 6 வீச்சு; கட்லா 3, ரோகு 5, மிர்கால் இல்லை. எடை 2 கிலோ. கட்லா 2 வீட்டுக்கு, மற்றவை விட்டது. 2 வீச்சு வெறுமை.

இவ்வளவுதான். இதை எழுத ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகாது.

நோட்டு காசாகும் இடம்

எழுதி என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம்.

10 சென்ட் குட்டையில் 400 குஞ்சு விட்டதாக வைத்துக்கொள்வோம். சில மாதம் கழித்து 300 உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது. மாதம் ஒருமுறை வலை வீசி, பல இனமும் கலந்து 20 மீனை நிறுத்துப் பாருங்கள். 5 கிலோ இருந்தால் ஒரு மீன் சராசரி 250 கிராம். 300 மீனுக்கு மொத்தம் 75 கிலோ. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவு கலந்த தீனியை மீனின் எடையில் 100க்கு 2 பங்கு போடுவதானால் நாளைக்கு 1 கிலோ 500 கிராம்.

ஆனால் இடையில் வீட்டுக்கும் உறவினருக்கும் கடைக்குமாக 60 மீன் பிடித்துவிட்டீர்கள், எழுதவில்லை. உண்மையில் இருப்பது 240 மீன், 60 கிலோ. தேவையான தீனி 1 கிலோ 200 கிராம்தான். நாளைக்கு 300 கிராம் வீதம் மாதம் 9 கிலோ தீனி வீணாகத் தண்ணீரில் விழுகிறது. அது சும்மா கிடக்காது, அழுகும். அழுகினால் பிராணவாயு குறையும். பிண்ணாக்கு வாங்கிய காசும் போய், மீனுக்கும் கேடு.

இன்னொன்று. போன மாதம் சராசரி எடை 170 கிராம், இந்த மாதம் 250 கிராம் என்றால் ஒரு மீன் 80 கிராம் கூடியிருக்கிறது. 240 மீனுக்கு 19 கிலோவுக்குச் சற்று அதிகம். அந்த மாதம் போட்ட தீனி 42 கிலோ என்று நோட்டு சொன்னால், ஒரு கிலோ மீன் கூடுவதற்கு ஏறத்தாழ 2 கிலோ 200 கிராம் தீனி போயிருக்கிறது. அந்தத் தீனியின் விலையையும் உங்கள் ஊரில் ஒரு கிலோ மீன் விற்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இன்னும் ஒரு மாதம் வளர்க்கலாமா, இப்போதே பிடித்து விற்கலாமா என்பதை வியாபாரி சொல்ல வேண்டாம். உங்கள் நோட்டே சொல்லும்.

உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழிக்கு என் பதிலும் இதுதான். கணக்குப் பார்க்காவிட்டால் மட்டும் உழக்கு மிஞ்சிவிடுமா? பார்த்தால், அந்த உழக்கு பிண்ணாக்கில் போயிற்றா, குஞ்சில் போயிற்றா, எடைக் கல்லில் போயிற்றா என்று தெரியும். நட்டம் என்று தெரிவது மனத்துக்குக் கசப்புத்தான். தெரியாமல் அதே நட்டத்தை அடுத்த ஆண்டும் அடைவது அதைவிடக் கசப்பு.

தூண்டில் போடுவோருக்கும்

குட்டை இல்லாதவர்களும், வாய்க்காலிலும் ஏரியிலும் அனுமதி உள்ள இடத்தில் தூண்டில் போட்டு வீட்டுக் குழம்புக்கு மீன் கொண்டுவருவோரும் இதைப் படிக்கலாம். தூண்டில்காரனுக்கு மிதப்பிலே கண் என்பார்கள். கண் மிதப்பில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கை நோட்டில் இருக்கட்டும். எந்த இடம், எந்த நேரம், தண்ணீர் ஓடியதா நின்றதா, என்ன இரை, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள், என்ன கிடைத்தது. கிடைக்காத நாளும் உண்டு என்பதை மறவாதீர்கள். இரண்டு பருவம் எழுதினால், எந்த மதகடியில் எந்த மாதம் மண்புழுவுக்குக் கெளுத்தி வரும் என்பது பிறரைக் கேட்காமலே தெரிந்துவிடும்.

செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு விரால் திரியும் இடத்தைக் கண்டால் அதையும் தேதியோடு குறித்துக்கொண்டு, அந்த விராலை விட்டுவிடுங்கள். தாயும் தந்தையும் காவல் இருந்தால்தான் அந்தக் குஞ்சுகள் பிழைக்கும். இந்த ஆண்டு விட்டது வரும் ஆண்டுகளில் உங்கள் நோட்டிலேயே வரவாக ஏறும்.

ஆண்டுக்கு ஒரு முறை

எழுதி மூடி வைத்த நோட்டால் பயனில்லை. கோடையில் குட்டை வற்றி, அடுத்த தண்ணீருக்கு முன் கொஞ்சம் ஓய்வு இருக்கும் நாளில் வீட்டாரோடு உட்கார்ந்து முதலிலிருந்து படித்துப் பாருங்கள். மூன்றே கேள்வி. விட்ட குஞ்சில் எந்த இனம் அதிகம் திரும்பி வந்தது? எந்த மாதம் எடை கூடாமல் நின்றது, அந்த மாதம் வானமும் தண்ணீரும் எப்படி இருந்தன? எந்தச் செலவு செய்தும் பலன் தெரியவில்லை? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், அடுத்த ஆண்டு குஞ்சுப் பண்ணையில் நீங்கள் கேட்டு வாங்குவீர்கள். அவர்கள் கொடுத்ததை வாங்கி வரமாட்டீர்கள். எங்களைப் போன்றவர்கள் வந்து ஏதாவது சொன்னாலும், "உங்கள் கணக்கு அப்படி, என் குட்டைக் கணக்கு இப்படி" என்று பதில் சொல்வீர்கள். அப்படிச் சொன்ன சில விவசாயிகளிடம் நான் கற்றுக்கொண்டதும் உண்டு.

முன்னே சொன்ன ஊருக்கு அடுத்த ஆண்டு மார்கழியில் மறுபடி போயிருந்தேன். மாட்டுக் கொட்டகைத் தூணில் ஒரு நோட்டு தொங்கியது. இது பால் கணக்கு அன்று, மீன் கணக்கு. எழுத்து அந்த அம்மாளுடையது. ஒரு பக்கத்தில் தொடர்ந்து நான்கு நாளுக்கு "மேகம். எரு போடவில்லை" என்று இருந்தது. ஐந்தாம் நாள் வரியில் கையெழுத்து மாறியிருந்தது. யாருடையது என்று கேட்டேன். "கொழுந்தனார் எழுதினார் சார். நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். குட்டையை அவர்தான் பார்த்துக்கொண்டார்" என்றார்.

இந்த வாரம் நீங்கள் வலை எடுக்கும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை வீச்சு என்பதை மறவாமல் முதல் வரியை எழுதுங்கள். ஒரு மீனும் விழாவிட்டாலும் எழுதுங்கள்.